ஓடைக்கரை மரங்கள்

மரம் வெட்டும் அனுமதியை இனி ஊராட்சியே தரலாம் என்று உத்தரவு வந்த பிறகு, தலைவியின் மேசைக்கு வந்திருக்கும் முதல் மனு அவளுடைய அண்ணனுடையது. ஓடைக்கரையில் அறுபது மரம். வாசலில் அவன் அணைக்காமல் விட்ட லாரி உறுமுகிறது. ஜன்னல் கண்ணாடி சடசடக்கிறது. அதன் வழியே இரண்டு கூட்டம் உள்ளே பார்த்தபடி நிற்கிறது. அந்தக் கரையில் தேனும் காளானும் எடுத்துப் பிழைக்கும் பெண்கள் ஒருபக்கம், இரண்டு வாரமாக வேலையில்லாத மரம்வெட்டிகள் மறுபக்கம். “முன்னாடி ஒரு கையெழுத்துக்குத் தலைநகரம் வரைக்கும் அலைவேன். இப்ப என் தங்கச்சியே போடப்போறா,” என்று அண்ணன் சிரிக்கிறான். அவன் நெற்றியில் வேர்வை.

“ஓடைக்கரை வேணாம்ண்ணா. மேல்சரிவுல இருபது மரம் பட்டுப்போய் நிக்குது, அதை வெட்டிக்கோ.”

“பட்ட மரத்தை எவன் வாங்குவான்? உனக்கு வீடு வீடா ஓட்டு கேட்டவன் நான். மறந்துட்டியா?”

“மறக்கல.” மனுவின் குறுக்கே ‘அனுமதி இல்லை’ என்று எழுதி, அவன் முகத்தைப் பார்க்காமல் நீட்டுகிறாள். அவன் வாங்காமலே வெளியேறுகிறான். லாரி காலியாகப் புறப்படுகிறது. மரம்வெட்டிகளில் மூத்தவர் தயங்கித் தயங்கி உள்ளே வருகிறார்.

“அந்தப் பட்ட மரத்தை நாங்களே வெட்டி விறகுக்கு வித்துக்கறோம். எங்க பேர்ல எழுதித் தருவீங்களாம்மா?”

தலைவி ஒரு வெள்ளைத் தாளை எடுக்கிறாள். “பேரைச் சொல்லுங்க.”