பங்கு கேட்கப் போனவர்

கப்பலில் இந்தியா போய்த் திரும்பிய வைரக்கண்ணு, மலாயாவில் ஜெலாப்பாங் ஊரிலிருந்த தன் வீட்டுக்குள் கால் வைத்ததும் வைக்காததுமாக, மனைவி அஞ்சலை பிடித்துக்கொண்டாள்.

“தம்பிக்கிட்ட நம்ம பங்கு நிலத்தைக் கேட்டீங்களா?”

“எப்படிலா கேக்குறது? நான் போன அன்னிக்கு வீட்டுல திதி. ‘மலாயாலேருந்து வாரேன்’னு சொன்னதுமே, அண்ணனோட கூட்டாளின்னு நெனச்சு, கையைப் பிடிச்சுப் பந்தியில உக்கார வச்சிட்டான்.”

“முப்பது வருசத்துல அண்ணன் மூஞ்சியே மறந்துபோச்சாக்கும்! சரி, யாருக்குத் திதி?”

“மாலை போட்டிருந்த படத்தைப் பாத்தேன். வாலிபத்துல இங்க தோட்டத்துல எடுத்து நான் அனுப்பி வச்ச படம். எனக்குத்தான் திதி.”

அஞ்சலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. கை தானாகப் போய்த் தாலியைத் தொட்டுப் பார்த்தது.

“அடப்பாவி! நிலத்துக்காக உங்களைச் சாகடிச்சிட்டானா? ‘உயிரோடதான்டா இருக்கேன்’னு கத்த வேண்டியதுதானே?”

“கத்தத்தான் எந்திரிச்சேன். அதுக்குள்ள அவன், ‘எங்கண்ணன் சொக்கத் தங்கம்’னு ஓன்னு அழுதான். ஊரே ஆமாம்னுச்சு. நீ ஒரு நாளாச்சும் என்னை அப்படிச் சொல்லியிருக்கியா?”

“அதுக்காக?”

“அதைக் கெடுக்க மனசு வரலலா. உக்காந்து இன்னொரு தடவை பாயாசம் ஊத்தச் சொல்லிட்டேன்.”