மூன்றாவது பாஸ்வேர்ட்

வைஃபையைத் திருடுவது நிரோஷன்தான் என்பதில் லிந்துலைக்கு மேலேயிருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

ஷாமிலா கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்தாள். வாடிக்கையாளர்களோடு பேச வேண்டும். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் இடைச்சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் இவள் தும்முவாள். அவளுக்கு வருஷம் முழுக்கத் தடிமன் என்று கம்பெனியில் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

தும்மலைப் பொறுத்தார்கள். இணைப்பு அறுவதைப் பொறுக்கவில்லை. மாதத்துக்கு வாங்கும் டேட்டா பாதி மாதத்திலேயே தீர்ந்து, பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் போனது. இன்னொரு முறை நடந்தால் வேலை இல்லை என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். ஷாமிலா ரவுட்டரின் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தாள். யார் யாருடைய போன்களோ அதில் ஒட்டிக்கொண்டிருந்தன.

ரவுட்டரைப் பொருத்தி, பாஸ்வேர்டும் போட்டுக் கொடுத்தவன் கடைசி வீட்டு நிரோஷன். தலவாக்கலையில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவன். எந்த வைஃபையானாலும் தனக்கு அஞ்சு நிமிஷம் என்று சொல்லித் திரிந்தவன். வேறு சாட்சி தேவைப்படவில்லை.

கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் அவள் கணவன் ஜீவராஜ் கொதித்தான். "அவன் போட்ட பாஸ்வேர்ட் அவனுக்குத் தெரியாதா? மாத்து." அவனே புதிதாக ஒன்றை யோசித்துப் போனில் சொல்ல, அவள் திருப்பிச் சொல்லிச் சொல்லி மாற்றினாள்.

அடுத்த நாளே போன்கள் திரும்பி வந்தன.

"மாத்தினதையும் உடைச்சிட்டானே. பெரிய கைதான் போல," என்றான் ஜீவராஜ், கொஞ்சம் மரியாதையோடு. "தலைவர்கிட்ட சொல்லு."

தோட்டச் சங்கத் தலைவர் நல்லமுத்து பக்கத்து வீட்டில்தான் இருந்தார். லயத்தில் எந்த வழக்கானாலும் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. ஞாயிறு காலை கோயில் முன்னால் ஆட்கள் கூடினார்கள்.

"ஏன் தலைவரே, போன் திருத்துறவன்னா களவாணியா?" என்றான் நிரோஷன். "எனக்குக் கடையிலேயே வைஃபை இருக்கு."

"களவு களவுதான்பா. கையால எடுத்தா என்ன, காத்துல எடுத்தா என்ன?"

"சரி, சூடத்தைக் கொளுத்துங்க. அணைச்சுச் சத்தியம் பண்றேன். ஆனா லயத்துல எல்லாரும் அணைக்கணும்."

யாரும் அசையவில்லை. தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"வைஃபைக்கெல்லாம் சாமிய இழுக்காத. மாசம் முடியிற வரைக்கும் உன் போன் எங்கிட்ட இருக்கட்டும்."

நிரோஷன் போனை நீட்டினான். போகிறபோது ஷாமிலாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வாரமும் டேட்டா கரைந்தது.

"சூடம் அணைக்கிறேன்னு சொன்னானேங்க," என்றாள் ஷாமிலா, போனில் ஜீவராஜிடம்.

"களவாணி சத்தியத்துக்குப் பயப்படுவானா? கடையில எத்தன போன் வச்சிருப்பான்! இரு, இந்தத் தடவ பாரு."

இந்தத் தடவை ஜீவராஜ் வீடியோக்கள் பார்த்துப் படித்திருந்தான். வைஃபையின் பெயரை மறைக்கச் சொன்னான். பாஸ்வேர்டை நீளமாக்கச் சொன்னான். இரண்டு கையாலும் தட்ட வேண்டியிருந்ததால் ஷாமிலா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள்.

"ஜே, பெரிய எழுத்து."

"ஜே, பெரிசு," என்று கத்தினாள். கடை இரைச்சலில் மெல்லச் சொன்னால் அவனுக்குக் கேட்காது.

"எட்டு. கியூ, சின்னது. ரெண்டு நட்சத்திரம்."

"எட்டு… கியூ, சின்னது… ரெண்டு நட்சத்திரம்…"

அது நீண்டுகொண்டே போனது. முடியும் நேரத்தில் கூரைத் தகரத்தில் சடசடவென்று மழை இறங்கியது. கடைசி எழுத்தைத் தட்டிவிட்டு, எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்து, சேமித்தாள்.

"இனி எவன் உடைக்கிறான்னு பாப்போம்," என்று சிரித்தான் ஜீவராஜ்.

மழை கொஞ்சம் ஓய்ந்தது. சுவருக்கு மேலாகத் தலைவர் நல்லமுத்துவின் குரல் வந்தது.

"புள்ள, மழையில கடைசி எழுத்து கேக்கல. பெரிசா, சின்னதா?"