வந்த காரியம்

"இஞ்சாருங்கோ, என்னத்துக்கு வந்தனீங்கள் எண்டு மட்டும் அந்த மனிசனைக் கேட்டுப்போடாதையுங்கோ" என்று குசினிக்குள் வைத்துப் புருசனின் காதைக் கடித்தாள் புனிதவதி.

"அப்ப என்னத்தைத்தான் கதைக்கிறது?" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. வந்தவர் எந்த ஊர், என்ன வேலை, சொந்த வீடா வாடகையா என்று ஐந்து நிமிடத்தில் அறிந்துவிடுகிற யாழ்ப்பாணத்து வாய் அது.

"ருதூல் ஆக்களிட்ட அப்பிடிக் கேக்கிறது மரியாதையில்லையாம். சாப்பாட்டைக் குடுத்திட்டு, அவையளாச் சொல்லுமட்டும் இருக்க வேணுமாம். துர்க்கா முந்தியே சொன்னவள்."

சற்றுமுன் வந்து, தான் யாரென்று மட்டும் சொல்லிவிட்டு முன்னறையில் இருந்த யூசுப், மகள் துர்க்கா விரும்புகிற ருஸ்லானின் தகப்பன். ரஷ்யாவின் தாகெஸ்தான் மலைகளில் வாழும் ருதூல் இனத்தவர். முன்பின் தெரியாத மலைச்சனத்துக்குப் பெண் கொடுப்பதா என்று ஸ்ரீஸ்கந்தராசா குதித்த நாளிலிருந்து துர்க்கா அவரோடு கதைப்பதில்லை. ஒரு மாதமாகிவிட்டது. இன்றைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போனாள்.

போதாக்குறைக்கு ஹீற்றரும் நேற்றே நின்றுவிட்டது. கொம்பனிக்காரன் திங்கட்கிழமைதான் வருவானாம். கனடாவின் பிக்கரிங் குளிரில் புருசனும் பெண்சாதியும் வீட்டுக்குள்ளேயே ஜாக்கெற்றோடு திரிந்தார்கள்.

"காலடியில ஒரு இரும்புப் பெட்டி வைச்சிருக்கிறார், கவனிச்சனீங்களே? பெம்பிளைக்கு நகைநட்டாக்கும்" என்றாள் புனிதவதி. "சுவரையும் நிலத்தையும் வேற பார்த்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு விலை போடுறார் போல."

புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் மேசைக்கு வந்தன. நல்லகாலம், இறைச்சி ஹலால் கடையில் வாங்கியது. யூசுப் கையாலேயே குழைத்துச் சாப்பிட்டார். அவருடைய இங்கிலீசும் ஸ்ரீஸ்கந்தராசாவின் இங்கிலீசும் ஒன்றுக்கொன்று குறைந்ததில்லை என்பதால் கதை நன்றாகவே ஓடியது.

"குளிர் தொடங்கினா எங்கட அப்பா செம்மறியளை ஓட்டிக்கொண்டு மலையால இறங்கிப் போயிடுவார். கோடைக்குத்தான் திரும்பி வருவார். அம்மா வீட்டில கம்பளம் நெய்துகொண்டிருப்பா. மாசக்கணக்கா அப்பாவின்ர குரலே வீட்டில கேக்காது" என்றார் யூசுப்.

 ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு ஒரே பெட்டை துர்க்காவின் குரல் கேட்காத ஒரு மாதமே ஒரு யுகம்.

தேத்தண்ணி வந்தது. பிறகும் வந்தது. யூசுப் குடித்துவிட்டுச் சிரித்தாரே தவிர, வந்த காரியத்தைப் பற்றி மூச்சும் விடவில்லை. ஸ்ரீஸ்கந்தராசாவின் தொண்டைக்குள் கேள்விகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. கடைசியில் வாய் தாங்கவில்லை.

"ஐயா, இனி ஒளிச்சு மறைச்சு என்ன. நான்தான் விசரன் மாதிரித் துள்ளிப்போட்டன். எங்கட துர்க்காவை உங்கட ருஸ்லானுக்குத் தர எனக்குப் பூரண சம்மதம். சீதனமும் தருவம். கலியாண ஹோல் செலவும் என்ர."

புனிதவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யூசுப் கோப்பையை மெல்லக் கீழே வைத்துவிட்டு, இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு குனிந்து பெட்டியைத் திறந்தார். உள்ளே குறடு, ஸ்பானர், திருப்புளி.

"வீட்டுக்காரர் கேக்க முதல் வந்த காரியம் கதைக்கிறது எங்கட பழக்கமில்லை. அதுதான் பொறுத்திருந்தன்" என்றார் யூசுப். "தன்ர சிநேகிதர் வீட்டில ஹீற்றர் நிண்டிட்டுது, போய்த் திருத்திக் குடுங்கோ எண்டு ருஸ்லான் அனுப்பினவன். அது சரி, துர்க்கா ஆர்?"