ஒட்டடைக் கொம்பு

"அடி, காமாக்ஷி" என்றார் அனந்தகிருஷ்ணன்.

மேல் வீட்டில் ஒரு நாற்காலி நகர்ந்திருந்தது. அவ்வளவுதான். அவர் காதுக்கு அது போதும்.

தினமும் சாயங்காலம் இதே கூத்துதான். மேலே நாற்காலி நகரும். இவர் 'அடி' என்பார். காமாக்ஷி ஒட்டடைக் கொம்பை எடுத்து சீலிங்கில் நாலு தட்டு தட்டுவாள். மேல் வீட்டுப் பெண்கள் அடங்குவார்களா என்ன? கிதாரும் டிரம்ஸுமாக வீடே அதிரும். "திமிர் பிடிச்ச கழுதைகள்!" என்று இவர் தொண்டை கிழியக் கத்துவார். கொம்பு மேலே படும்போதும் கத்திக்கொண்டுதான் இருப்பார்.

இன்றைக்குச் சாட்சிக்கு ஆள் வந்திருந்தது. ஆர்.கே.புரம் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பாலசுப்ரமணியம், கையில் காபி டம்ளரோடு சோபாவில் உட்கார்ந்திருந்தார். அவர் தன் காதால் கேட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நாளைக்கே மேல் வீட்டுக்கு நோட்டீஸ். மேல் வீட்டுப் பெண் ஸ்ம்ருதியின் அப்பா பாவம், பயந்த சுபாவம். நோட்டீஸ் வந்த கையோடு மகளின் கிதாரை வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்.



பாட்டு என்னவோ ஊரெல்லாம் பரவியாகிவிட்டது. ஸ்ம்ருதியும் அவள் தோழிகள் இரண்டு பேரும் சேர்ந்து போட்ட ஒரே ஒரு பாட்டு. 'மாட்டேன் போ' என்று பேர்.

எடுத்த எடுப்பில் டம், டம், டட்டம் என்று ஒரு தட்டல். பூட்டின கதவை யாரோ உடைக்கிற மாதிரி இருக்கும். அப்புறம்தான் மற்றதெல்லாம். சரோஜினி நகர் கடைத்தெருவில் சட்டை விற்கிற ஹிந்திக்காரப் பையாக்கள் பலகையைத் தட்டுகிறார்கள். மெட்ரோவில் காலேஜ் பெண்கள் கம்பியைத் தட்டுகிறார்கள். தமிழில் ஒரு எழுத்துத் தெரியாத பஞ்சாபிப் பெண்களெல்லாம் 'மாட்டேன் போ' என்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறார்கள். அந்தத் தட்டல் என்ன வாத்தியம் என்று இன்டர்நெட்டில் ஒரே சண்டையாம். தவில் என்கிறார் ஒருத்தர். எல்லாம் கம்ப்யூட்டர் வேலை என்கிறார் இன்னொருத்தர்.

அனந்தகிருஷ்ணனின் ஆபீஸுக்குள்ளும் பாட்டு நுழைந்துவிட்டது. இவர் தலை மறைந்தால் போதும், செக்‌ஷனே மேஜையைத் தட்டுகிறதாம். அதுதான் மனுஷனுக்குப் பொறுக்கவில்லை.

"அடின்னேனே! காதுல விழலையா?"

கொம்பு ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தது. காமாக்ஷி அதைப் பார்த்தாள். மேலே, அதன் நுனி பட்டுப் பட்டுச் சுண்ணாம்பு பெயர்ந்திருந்த இடத்தையும் பார்த்தாள்.

"மாட்டேன்" என்றாள்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வார்த்தையை அவள் வாயால் அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அவளுக்கே காது ஜிவ்வென்றது. பயம்தான். பயத்தோடு கூடவே ஒரு அசட்டுச் சந்தோஷமும்.

வெளி ஆளுக்கு முன்னால் இப்படியா! அனந்தகிருஷ்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அவ கிடக்கா. நீங்க கேளுங்கோ ஸார், இதோ அந்தப் பொண்கள் ஆரம்பிச்சுடுவா" என்று சீலிங்கைக் காட்டினார்.

கேட்டார்கள்.

மின்விசிறி சுற்றியது. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். மேலே ஒருத்தி மெல்ல இருமினாள். அதுவும் நின்றுவிட்டது.

காமாக்ஷி மடியில் இரண்டு கைகளையும் இறுக்கிக் கோத்துக்கொண்டாள். அசடு மாதிரி இப்போது எதையாவது தட்டிவிடாதே என்று கையிடமே சொல்லிக்கொண்டாள்.

பாலசுப்ரமணியம் காபியைச் சொட்டு விடாமல் குடித்துவிட்டு எழுந்தார். "நாற்காலி நகர்ந்ததுக்கெல்லாம் நோட்டீஸ் குடுத்தா ஊரே சிரிக்கும், ஸார்" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

கதவைச் சாத்திவிட்டு வந்த அனந்தகிருஷ்ணன் திட்டக்கூட வார்த்தை கிடைக்காமல் நின்றார். இன்றைக்குப் பார்த்து மேலே ஏன் சத்தமே இல்லை என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

செயலாளரின் செருப்புச் சத்தம் கடைசிப் படி வரைக்கும் இறங்கட்டும் என்று காமாக்ஷி காத்திருந்தாள். பிறகு எழுந்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கொம்பை எடுத்தாள்.

டம். டம். டட்டம்.

சுண்ணாம்பு உதிர்ந்து அவர் வழுக்கையில் விழுந்தது.

மேலே கிதார் வெடித்தது. அடுத்து டிரம்ஸ். அடுத்து மூன்று தொண்டைகள்.

வாயை மூடிக்கொண்டு நின்றதால் அனந்தகிருஷ்ணனுக்கு முதல் தடவையாக அந்த வரிசை காதில் விழுந்தது. முதலில் கொம்பு. பிறகுதான் பாட்டு. என்றைக்குமே அப்படித்தான் இருந்திருக்கிறது.

அவர் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

ஸ்ம்ருதி ஒருநாள் மாடிப்படியில் வழிமறித்து, "ஆன்ட்டி, நாளைக்கு ரெக்கார்டிங். தரைல மைக் வெச்சிருப்போம். கொஞ்சம் ஜோர் ஸே, பலமா அடிங்கோ, ப்ளீஸ்" என்று கெஞ்சினாளே, அதை இவரிடம் இப்போது சொன்னால்தான் என்ன என்று காமாக்ஷிக்குத் தோன்றியது.

சொல்ல நேரமில்லை. இரண்டாவது சரணம் வந்துகொண்டிருந்தது. கொம்பை இன்னும் நன்றாக ஓங்கினாள்.