மழையில் விசிறி

"வகுப்புல வாய் ஓயாதவங்க, தேர்வுன்னு வந்தா மட்டும் எப்படி ஊமையாயிடறாங்க?"

நாஞ்சிங்கிலிருந்து காலை ரயிலில் வந்திறங்கியிருந்த சுவாங், டீயை ஊதியபடி கேட்டார்.

"அதுதான் எனக்கும் பிடிபடலை, சுவாங் ஐயா" என்றார் கே.

சூசோவில், கால்வாயை ஒட்டிய அந்தச் சிறிய பள்ளியில் வெளிநாட்டவர்களுக்குச் சீன மொழி சொல்லிக்கொடுப்பவர் அவர். புத்தகத்தை வைத்து அல்ல, தூரிகையை வைத்து. மூங்கில் வரையும்போது மூங்கிலைப் பற்றிய சொற்கள். பனி வரையும்போது பனிக்காலத்துப் பழக்கங்கள். கை வேலையாக இருந்தால் நாக்கு கூச்சத்தை மறந்துவிடும் என்பது அவர் கட்சி.

மாரித் என்ற நார்வே மாணவி மட்டும் அந்தக் கட்சிக்கு எதிர்க்கட்சி.

"கையில தூரிகை இருந்தா கிளி மாதிரி பேசறாங்க. எதிர்ல ஒரு தேர்வாளர் வந்து உட்கார்ந்தா போதும், நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது. ரெண்டு தடவை ஆச்சு. தேர்வாளர்தான் மாறினாங்க, மௌனம் மாறலை."

"இன்னைக்கும் பேசலைன்னா?"

"வகுப்பையே மூடிடுவாங்க. 'படம் வரைஞ்சா மொழி வராது, பேசாம புத்தகத்தை எடுங்க'ன்னு பள்ளித் தலைவி சொல்லிட்டாங்க. கால் மணி நேரம் சீனத்துல பேசணும், அவ்வளவுதான்."

"இதுக்கா பயம்? தேர்வாளர் என்ன புலியா?"

"புலியேதான்" என்றார் கே, சிரிக்காமல்.

சுவாங்குக்குப் புரையேறியது.

கே எழுந்துபோய், முந்தின நாள் வரைந்து முடித்திருந்த படச்சுருளைச் சுவரில் மாட்டினார். சுவாங் அதை ஏற இறங்கப் பார்த்தார். இந்தமுறை டீ குடிக்காமலேயே இருமினார்.

கதவு திறந்தது. கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டு, கழுத்துத் துணிக்குள் முகவாய் புதைந்திருக்க, பாய் நிங் உள்ளே வந்தார். கே சட்டென்று நிமிர்ந்து நின்றார்.

"தேர்வு பத்து மணிக்குத்தானே, கே வாத்தியாரே?"

"ஆமா. இன்னும் நேரம் இருக்கு. உட்காருங்க, பாய் நிங்."

உட்காரப் போனவரின் பார்வை சுவரில் விழுந்தது. அப்படியே நின்றுவிட்டார்.

"இது யார் வரைஞ்சது?"

"நான்தான். எப்படி இருக்கு?"

"மூங்கில் இலையெல்லாம் கீழே தொங்குது."

"ஆமா."

"தொங்கினா மழைன்னு அர்த்தம். வெயில்னா இலை நிமிர்ந்து நிக்கணும்."

"சரி, மழையே பெய்யட்டும்."

"மழைன்னா, பாலத்துமேல போற இந்தத் தாத்தா எதுக்கு விசிறியால விசிறிக்கிட்டுப் போறாரு? குடை எங்க?"

"வயசானவரு. புழுக்கமா இருந்திருக்கும்."

"புழுக்கமா?" பாய் நிங் தொப்பியை இன்னும் இறுக்கிக்கொண்டு படத்தை நெருங்கினார். "பக்கத்துலயே பிளம் மரம் பூத்திருக்கே! பிளம் எப்ப பூக்கும்? கடுங்குளிர்ல. அதுவும் வெறுங்கிளையில. பூ உதிர்ந்தப்புறம்தான் இலை வரும். நீங்க கீரைக்கட்டு மாதிரி இலை வச்சிருக்கீங்க. எல்லா மரமும் தூங்கும்போது தனியா முழிச்சிருந்து பூக்குதுன்னுதானே அதுக்கு அவ்வளவு மரியாதை? அதுமேல கொண்டுபோய் ஒரு பட்டாம்பூச்சி!"

"பட்டாம்பூச்சி அழகாத்தானே இருக்கு?" என்றார் சுவாங்.

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. டீயைக் குடிங்க, ஆறிடும்."

சுவாங் பணிவாகக் குடித்தார்.

"மூங்கில் தண்டைப் பாருங்க" என்று பாய் நிங் தொடர்ந்தார். "அது வளர்ற வழியிலேயே, கீழேருந்து மேல இழுக்கணும். ஒவ்வொரு கணுவிலயும் தூரிகை நின்னு மூச்சு வாங்கணும். அப்பத்தான் மை அங்கங்க தேங்கி, கணு தானா வரும். நீங்க ஒரே இழுப்பா இழுத்திருக்கீங்க. இது மூங்கிலா, ஒட்டடைக் குச்சியா?"

"அவசரத்துல..."

"அவசரத்துல உங்க பேர் முத்திரையை மட்டும் மறக்காம குத்திட்டீங்க! எங்க? நட்டநடு வெள்ளையில!"

"அந்த இடம் காலியா இருந்துச்சு, பாய் நிங்."

"காலியா? அது மூடுபனி, வாத்தியாரே! பார்க்கிறவங்க மனசு உள்ள போய் உலாவறதுக்காக விட்ட இடம். அதுக்குக் குறுக்க செக்கச்செவேல்னு கதவை அடைச்சு வச்சிருக்கீங்க. நாளைக்கு வெளியூர்க்காரங்க வந்து பார்த்தா, நம்ம சூசோவைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

கே தலையைக் குனிந்துகொண்டார். "இந்த மலை பரவாயில்லையா?" என்று கேட்டார், பயந்த குரலில்.

அது அவர் செய்திருக்கக்கூடாத காரியம். மலைக்கு வெகுநேரம் பிடித்தது. தூரத்து மலைக்கு வெளிர் மை, கிட்டத்து மலைக்கு அடர்மை என்று ஆரம்பித்து, நீரும் மையும் கலக்கும் பக்குவத்தில் புகுந்து, பாலத்துத் தாத்தா ஏன் மலையடியில் இருக்கும் தன் நண்பர் வீட்டுக்கு முதுகைக் காட்டிப் போகிறார் என்பதில் வந்து நின்றார் பாய் நிங். களைத்துப்போய் நாற்காலியில் சாய்ந்தபோதுதான் கடிகாரம் கண்ணில் பட்டது. முகம் வெளிறியது. குரல் பாதியாகச் சுருங்கியது.

"பத்தேகால் ஆச்சே... தேர்வாளர் இன்னும் வரலையா?"

"முன்னாடியே வந்துட்டார்" என்றபடி சுவாங் எழுந்து கை நீட்டினார். "டீயைக் குடிக்கச் சொன்னீங்க, குடிச்சேன். நீங்க தேறிட்டீங்க, மாரித்."

பாய் நிங் என்ற சீனப் பெயரைக் கே வாத்தியார் சூட்டியிருந்த அந்த நார்வேக்காரர் வாயைத் திறந்தார். ஒரு சொல்லும் வரவில்லை.

"இப்ப நாக்கு ஒட்டிக்கிட்டா பரவாயில்லை" என்றார் கே, படத்தைச் சுவரிலிருந்து இறக்கியபடி. "கேள்வி கேட்டா உங்களுக்குப் பேச்சு வராது. தப்பா ஒரு படத்தை மாட்டிவச்சா, நிக்காது."