பன்னிரண்டு கார்கள், ஒரு கத்தரிக்கோல்

"பிளாஸ்டிக்கைக் கிழிக்கணுமா? என்னா தங்கச்சி, விளையாடுறியா? காடி எடுத்து ரெண்டு மாசம்கூட ஆகல லா!"

சாப்பாட்டுக் கடை ஹாஃபிஸ் தன் புதுக் காரின் கதவை மறித்துக்கொண்டு நின்றார். ஏதோ சாந்தினி காரையே கிழிக்க வந்துவிட்ட மாதிரி.

சாந்தினி கிளினிக்கில் தாதி. 'பேபி சீட்டைக் காரில் சரியாகப் பொருத்தித் தருகிறேன், இலவசம்' என்று வாட்ஸ்அப்பில் போட்டிருந்தாள். இலவசம் என்றதும் கேட்கவா வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை காலையில் கரங்கான் பொது மண்டபத் திடலில் பன்னிரண்டு கார்கள் வரிசை கட்டிவிட்டன. பன்னிரண்டிலும் பிள்ளை இருந்தது, பேபி சீட் இருந்தது. கூடவே, கார் வாங்கும்போது கம்பெனியில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறையும் கழற்றாமல் பளபளவென்று இருந்தது.

"அண்ணே, இங்க பாருங்க." சாந்தினி ஹாஃபிஸின் பேபி சீட்டை ஒரு கையால் தள்ளினாள். கட்டியிருந்தும் அது பிளாஸ்டிக் மேல் வழுக்கிக்கொண்டு கதவுப் பக்கம் போனது. "ஒரு இஞ்சுக்கு மேல அசையக் கூடாதுண்ணே. போன மாசம் மெர்போக் ரோட்ல ஒரு கைப்புள்ள இப்படித்தான் சீட்டோட சறுக்கி, உதட்டுல மூணு தையல். தையல் போடும்போது நான்தான் அதைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

"பாவம்தான். ஆனா பால் கொட்டுனா, வாந்தி எடுத்தா யாரு தொடைக்கிறது? நான் வேணும்னா மேல ஒரு துண்டு விரிச்சுக்கிறேன்."

பின்னால் நின்ற அப்பாக்கள், அதுதானே என்று தலையாட்டினார்கள். இரண்டு பேர் சாவியையே எடுத்துவிட்டார்கள். ஒருவர் கிளம்பினால் போதும், திடலே காலியாகிவிடும். அத்தனை பிள்ளைகளும் வழுக்கிக்கொண்டேதான் வீடு போய்ச் சேரும்.

"கத்தரிக்கோல் இருக்காக்கா?"

வரிசையின் கடைசியிலிருந்து வந்தது குரல். புவனேஸ்வரன், செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுபவன். பக்கத்தில் அவன் மனைவி ரூபினி, அவள் தோளில் ஆறு மாதப் பெண் குழந்தை. அவர்கள் வந்த கார்தான் அங்கே எல்லாவற்றிலும் புதுசு. பூசை போட்ட சந்தனப் பொட்டுகூட இன்னும் அழியவில்லை.

"என்னங்க, வேணாங்க..." ரூபினி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "யோசிச்சுத்தான் செய்றீங்களா?"

"நீ சும்மா இரு. பிள்ளை பெருசா, பிளாஸ்டிக் பெருசா?"

சர்ரென்று ஒரே இழுப்பு. பின் சீட் உறை கையோடு வந்துவிட்டது. அதோடு விட்டானா? முன் சீட்டுக்குப் பாய்ந்தான்.

"பின்னால மட்டும் போதும் தம்பி!"

"எடுத்தா முழுசா எடுத்துடணும்க்கா." அவன் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. மற்ற அப்பாக்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

சாந்தினி பேபி சீட்டைப் பின்பக்கம் பார்த்தபடி வைத்தாள். புவனேஸ்வரன் பெல்ட்டை மாட்டும் இடம் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தான். புதுக் கார், பழகவில்லை போல என்று நினைத்துக்கொண்டாள். அழுத்திப் பிடித்து, பெல்ட்டை இழுத்துக் கட்டி, ஆட்டிப் பார்த்தாள். அசையவே இல்லை. குழந்தையை உட்காரவைத்துத் தோள்பட்டியை இறுக்கினாள். "பட்டியைக் கிள்ளிப் பாருங்க. கிள்ள வரலன்னா சரியா இருக்குன்னு அர்த்தம்."

குழந்தை எச்சில் ஒழுகச் சிரித்தது. சாந்தினிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்துக்குங்கண்ணே! அப்பான்னா இவர்தான் அப்பா!"

காருக்குள்ளிருந்து ஹாஃபிஸின் மனைவி ஷம்சியா தன் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான்.

"அந்தக் கத்தரிக்கோலை இங்க குடு தங்கச்சி," என்றார் ஹாஃபிஸ், வேறு வழியில்லாமல்.

மதியத்துக்குள் பன்னிரண்டு கார்களின் பிளாஸ்டிக்கும் திடலில் குவிந்து கிடந்தது. பன்னிரண்டு பேபி சீட்டில் ஒன்றுகூட அசையவில்லை.

சாந்தினி புவனேஸ்வரனைக் காருக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தாள். "எல்லாம் உங்களாலதான் தம்பி. எப்படித்தான் மனசு வந்துச்சோ!"

புவனேஸ்வரன் வெட்கப்பட்டுத் தலையைச் சொறிந்தான். ரூபினி மட்டும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ரோட்டிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் திடலுக்குள் திரும்பியது. அதிலிருந்து இறங்கிய ரூபினியின் அண்ணன் லோகேஸ்வரன், பிளாஸ்டிக் குவியலைப் பார்த்தான், காருக்குள் எட்டிப் பார்த்தான், இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான்.

"அடப்பாவி மச்சான்! பேட்டரி செத்துப்போச்சு, அரை நாளைக்கு உன் காடியைக் குடுன்னு வாங்கிட்டு வந்து என்னா வேலை பண்ணி வச்சிருக்க! நேத்துதானடா பூசை போட்டேன்!"

சாந்தினி மெல்லத் திரும்பினாள். "அப்ப உங்க காடி, தம்பி?"

"வீட்ல பத்திரமா நிக்குதுக்கா," என்றான் புவனேஸ்வரன், போட்டோவுக்குச் சிரித்த சிரிப்பு மாறாமல். "எடுத்து ஆறு வருசமாச்சு. இன்னும் பிளாஸ்டிக்ல ஒரு கீறல் விழ விடல."

ரூபினி ஹாஃபிஸிடமிருந்து கத்தரிக்கோலை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு காரில் ஏறினாள்.