தொறந்தது தொறந்தாச்சு

சுட்டது அவருக்குத் தெரியவில்லை.

தோல் கருகிய வாடை வந்த பிறகுதான் பார்த்தார். சால்டரிங் அயர்ன் ஆள்காட்டி விரலில் பட்டுக்கொண்டிருந்தது. எடுத்தார். ஊதக்கூட இல்லை. அடுத்த முனைக்கு ஈயம் வைத்தார்.

மேசைமேல் மகனுடைய பழைய வீடியோ கேம் பெட்டி வயிறு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு சிப். அதற்கு வரிசையாக எறும்புக் கால்கள். ஒவ்வொரு காலிலும் புதுப் பலகையின் ஒரு முனையைப் பற்றவைக்க வேண்டும். பலகை தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதைப் பொருத்தினால் பழைய பெட்டியின் படம் புது டிவியில் தெரியும்.

பழைய டிவியை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டு வந்தவர் இவர்தான். புது டிவியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் செருக ஓட்டையே இல்லை. "என்னப்பா இப்டி பண்ணிட்டீங்க" என்று சொன்ன செல்வின், அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவனே வெளிநாட்டில் எங்கோ தேடிப்பிடித்து இந்தப் பலகைக்குச் சொல்லிவைத்தான்.

வந்தது. அடக்கம் முடிந்த மறுவாரம்.

"செல்வின் இருக்காரா?" என்றார் கூரியர்காரர்.

"இல்ல" என்று சொல்லி இவர் கையெழுத்துப் போட்டார்.

பார்சல் பீரோ மேலேயே கிடந்திருக்கும். எஸ்தர்தான் கேட்டாள். மகன் போனதிலிருந்து மனைவி வாய் திறந்து எதையும் கேட்டதில்லை, சோறுகூட. இதை மட்டும் கேட்டாள்.

"அந்த வீட்ட ஒருக்கா பாக்கணும்."

புல்லை வெட்டி, பயிர் வைத்து, நினைத்த இடத்தில் வீடு கட்டிக்கொள்கிற கேம் அது. செல்வினுக்கு அதுதான் உயிர். "எம்மா, ஒனக்கு ஒரு வீடு கெட்டிருக்கேன், வந்து பாரு" என்று கூப்பிடுவான். அவன் கூப்பிடுகிற நேரமாகப் பார்த்துத்தான் தெருக்குழாயில் தண்ணீர் வந்து தொலையும். "கொடம் ரொம்பிரும்ல, பொறவு பாக்கேன்" என்று ஓடுவாள்.

பொறவு பார்க்கவே இல்லை.

மின்மீட்டர்களைப் பழுதுபார்த்துப் பழகிய கை. நடுங்கவில்லை. நடுங்கினால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. உட்கார்ந்து மரத்துப்போன காலைப் போல மொத்த உடம்பும் கிடந்தது.

சிப்பின் கடைசிக் காலையும் பற்றவைத்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒன்றோடொன்று ஒட்டவில்லை. சுத்தமான வேலை.

மூடப்போகும்போதுதான் ஓரத்தில் ஒரு பட்டன் பேட்டரி கண்ணில் பட்டது. விளிம்பில் லேசாகப் பச்சை பூத்திருந்தது.

அவர் கை சும்மா இருக்குமா? ஃபேனைத் துடைக்க ஏறினால் கெப்பாசிட்டரை மாற்றிவிட்டுத்தான் இறங்குவார். மிக்ஸியில் ஒரு திருகு ஆடினால் போதும், அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிக் கார்பனையும் மாற்றிவிட்டுத்தான் ஓய்வார். எஸ்தர் தலையில் அடித்துக்கொள்வாள்.

"தொறந்தது தொறந்தாச்சு" என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

எடை பார்க்கும் மெஷினுக்கு வாங்கி மிச்சமான பேட்டரி டிராயரில் இருந்தது. அதைப் போட்டார். மூடினார். திருகுகளை முடுக்கினார்.

டிவியில் படம் வந்தது. துடைத்துவைத்த கண்ணாடி மாதிரி. செல்வின் பார்த்திருந்தால் குதித்திருப்பான். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பெட்டி தேதி கேட்டது. கொடுத்தார்.

கேம் பெயர் கேட்டது.

பெயர் எதற்கு? செல்வின் பெயர்தான் ஏற்கெனவே அதில் இருக்க வேண்டுமே.

மெனுவில் பின்னால் போய்ப் பார்த்தார். முன்னால் வந்து பார்த்தார். சேமித்துவைத்த ஆட்டம் என்று ஒன்றுமே இல்லை. மகனுடைய லேப்டாப்பைத் திறந்து நெட்டில் தேடினார். ஆடிச் சேமித்ததெல்லாம் அந்தப் பட்டன் பேட்டரியின் தயவில்தான் நிற்குமாம். கழற்றினால் அத்தனையும் போய்விடுமாம்.

"அடப்பாவி" என்றார். தன்னைத்தான்.

பழைய பேட்டரியைத் திரும்பப் போட்டால் வருமா? வராது. அதுவும் எழுதியிருந்தது.

"முடிஞ்சிட்டா?"

எஸ்தர் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். தெருவில் குடங்கள் இடிபடும் சத்தம் கேட்டது. தண்ணீர் வந்துவிட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.

அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிச் செல்வின் என்று தட்டினார்.

திரை நிறையப் புல். அங்கங்கே கல். நடுவில் ஒரு கிணறு. கயிற்றின் முறுக்குகூடத் தெரிந்தது.

"எங்க வீடு?"

சொல்லிவிட்டார். பேட்டரியை மாற்றியது, எல்லாம் அழிந்தது, இனி வராது என்பது. அடுத்த வீட்டுச் சங்கதி மாதிரி சொன்னார்.

அவள் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

"இருந்த எடத்தயாவது காட்டுங்க."

அவருக்கு எப்படித் தெரியும்? அவரும்தான் ஒரு நாள்கூட எட்டிப் பார்த்ததில்லை.

எழுந்து போனார். சுட்ட விரலைத் திரையில் கிணற்றுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இங்க."

எஸ்தர் முன்னால் நகர்ந்துவந்து உற்றுப் பார்த்தாள்.

"கெணத்துப் பக்கமா? தண்ணிக்கு நான் அலைய வேண்டாம்னு நெனச்சிருக்கான், பாத்தீங்களா."

அவர் விரலை எடுக்கவில்லை. அப்போதுதான் அது எரியத் தொடங்கியது.